மீட்டர் ரூம் பெட்டி

நெட் போனால் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம். மோடத்தை அணைத்துப் போடுவோம். வராது. இன்னொரு தடவை அணைத்துப் போடுவோம். அப்புறம் கம்பெனிக்காரரைத் திட்ட ஆரம்பிப்போம். அபார்ட்மெண்டில் குடியிருந்து நான் பார்த்த வரைக்கும் பாதிக் கோளாறுக்கு மேல் இந்த இரண்டு இடத்திலுமே இருப்பதில்லை. தெருக் கம்பத்துக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவில் மொட்டைமாடி, மாடிப்படி, பைப் இறங்கும் டக்ட், மீட்டர் ரூம் என்று கொஞ்சம் இடம் கிடக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. கம்பெனியில் கேட்டால் "அது உங்க பில்டிங் சமாச்சாரம்" என்பார்கள். பில்டிங்கில் கேட்டால் "அது உங்க கம்பெனி சமாச்சாரம்" என்பார்கள். யாரும் பொறுப்பேற்காத இடத்தில் நம் வயர் ஓடுகிறது.

நாகர்கோவிலில் பார்வதிபுரம் பக்கம் எங்கள் கட்டடம். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, கீழே இரண்டு கடை, லிஃப்ட் கிடையாது. நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவுக்குப் பகல் என்றால் எனக்கு ராத்திரி. மேல் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அபுதாபியில் இருக்கிறார். அந்த நாட்டில் வாட்ஸ்ஆப் காலுக்கு வழியில்லை என்பதால் போட்டிம் என்கிற ஆப் வழியாகத்தான் பேச்சு. ராத்திரி எட்டரை மணிக்குப் படம் உறைந்து நின்றால் அந்த வீட்டில் சாப்பாடே இறங்காது. எதிர்வீட்டில் நீட் கோச்சிங்கை நெட்டில் படிக்கிற பெண். இப்படி ஆளாளுக்கு ஒரு அவசரம்.

நாங்கள் குடிவந்த புதிதில் இருந்த ஏற்பாட்டைச் சொன்னால் பலருக்கும் தங்கள் கட்டடம் ஞாபகம் வரும். உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் ஒரே ஒரு ஃபைபரை (ஒளி ஓடும் கண்ணாடி இழை வயர்) மீட்டர் ரூம் வரை கொண்டுவந்து, அங்கே ஒளியை லேன் வயருக்கு ஏற்றபடி மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் அதைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சுவிட்சும் வைத்து, அதிலிருந்து தன்னிடம் கனெக்‌ஷன் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் வயர் இழுத்திருந்தார். சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். அதை மாடிப்படி லைட் லைனிலிருந்து எடுத்திருந்தார். எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம். விடியற்காலை ஐந்தே முக்கால், ஆறு மணிக்கு நெட் போகும். எட்டு, எட்டரைக்குத் தானாக வந்துவிடும். எனக்கு அதுதான் அன்றைய கணக்கை முடித்து அனுப்புகிற நேரம். கேபிள்காரரிடம் சொன்னால் "மெயின் சர்வர்ல அப்டேட் ஓடும்க்கா" என்றார். எல்லாப் பழியையும் தாங்க ஒரு சர்வர் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. பிறகு ஒரு முறை எங்கள் அசோசியேஷன் செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார், திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் காலையில் நெட் போகவே இல்லை. திரும்பி வந்த மறுநாள் ஆறு மணிக்கு டாண் என்று போனது.

படிக்கட்டு லைட்டின் சுவிட்ச் உடைந்து ரொம்ப நாள். அதனால் செயலாளர் சார் விடிந்ததும் கீழே வந்து, அந்த லைனின் எம்சிபி என்கிற டிரிப் சுவிட்சையே இறக்கி லைட்டை அணைப்பார். கரண்டை வீணாக்கக்கூடாது என்கிற நல்ல மனசு. கீழ்க் கடைக்காரர் கடை திறந்ததும் மோட்டார் போட வந்து, எம்சிபி கீழே கிடக்கிறதே என்று தூக்கிவிடுவார். இருவருக்கும் நடுவில் அந்த லைனில் இருந்த ஒன்பது வீட்டுக்கும் நெட் இல்லை.

விஷயம் தெரிந்ததும் தீர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீரவில்லை. "பொதுக் கரண்டைத் தனியார் எப்படி எடுக்கலாம்?" என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். வேறு கம்பெனி கனெக்‌ஷன் வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏன் பங்கு தர வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுவிட்சும் கன்வெர்ட்டரும் சேர்ந்து பத்து வாட் என்று வைத்துக்கொள்வோம். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் இரண்டு மாத பில்லில் நூற்றிருபது ரூபாய்க்குள். ஒன்பது வீட்டுக்குப் பிரித்தால் ஒரு டீ காசு. இந்த டீ காசுக்காக நடந்த வாக்குவாதத்தில் மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்கள். கடைசியில் கேபிள்காரரே மாதாமாதம் ஒரு தொகை அசோசியேஷனுக்குக் கட்டுவது என்று எழுதி வாங்கினோம். எழுதி வாங்கியதுதான் முக்கியம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அடுத்த செயலாளர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

உங்கள் கட்டடத்தில் இன்னும் இந்தப் பழைய ஏற்பாடு இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்தச் சுவிட்ச் எந்த எம்சிபியில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கரண்ட் போனதும் நெட் போகிறது என்றால் காரணம் இதுதான். மோடம் எரிந்துகொண்டிருக்கும், கீழே பொது லைனில் சுவிட்ச் செத்திருக்கும். வீட்டுக்குள் எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை.

இப்போது நாங்கள் எல்லோரும் வீடு வரைக்கும் ஃபைபர் வரும் கனெக்‌ஷனுக்கு மாறிவிட்டோம். இதில் நடுவில் கரண்ட் வேண்டாம். மீட்டர் ரூம் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் என்று சின்னதாக ஒன்று இருக்கும். ஒரு ஃபைபரில் வரும் ஒளியை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்கு பிளக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. கரண்ட் போனாலும் நம் மோடத்துக்குப் பன்னிரண்டு வோல்ட் கிடைத்தால் நெட் ஓடும். அதற்கென்றே மினி யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு வோல்ட் மோடத்துக்கு ஒன்பது வோல்ட் கொடுத்தால் விட்டுவிட்டு அணையும். ஒன்பது வோல்ட் மோடத்துக்குப் பன்னிரண்டு கொடுத்தால் கெட்டே போகலாம்.

ஆனால் பெட்டி மாறியதே தவிர பெட்டியின் சனி மாறவில்லை. ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கனெக்‌ஷன் கொடுக்க ஒரு பையன் வந்து போயிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பி, எங்க லைன்ல கை வச்சியா?"

"இல்லக்கா, பெட்டில போர்ட்டு ஒண்ணும் காலியா இல்ல. ஒரு வயர் சும்மா கெடந்துது. ஆளில்லாத வீடா இருக்கும்னு உருவி இதுல மாட்டுனேன்."

அந்தச் சும்மா கிடந்த வயர் நான்தான். எட்டு துளை ஸ்ப்ளிட்டரில் ஒன்பதாவது ஆளைச் சேர்க்கச் சொல்லி மேலிருந்து அவனை அனுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு கனெக்‌ஷன் கொடுத்தால் இவ்வளவு என்று கூலி. பெட்டிக்குள் கறுப்பு வயர்கள் ஒரே மாதிரி சுருண்டு கிடக்கின்றன. அவன் இடத்தில் யார் இருந்தாலும் எதையாவது ஒன்றை உருவத்தான் செய்வார்கள். இது எங்கள் கட்டடத்தில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் மோடத்தில் திடீரென்று சிவப்பு எரிந்தால், அன்று கட்டடத்தில் யாருக்காவது புது கனெக்‌ஷன் கொடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

மறுவாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியையே கூப்பிட்டு, அவனுக்கு ஒரு தொகை கொடுத்து, ஒவ்வொரு வயரையும் எந்த வீட்டுக்குப் போகிறது என்று தடவித் தடவி, இரண்டு நுனியிலும் வீட்டு நம்பர் எழுதிய ஸ்டிக்கரைச் சுற்றி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டினோம். வெறும் ஸ்டிக்கர் இந்த ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஆளில்லாத பழைய கனெக்‌ஷன்களின் வயர் மட்டும் ஒரு கூடை வந்தது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டோம். சாவி ஒன்று சாரிடம், ஒன்று கீழ்க் கடையில். எந்தக் கம்பெனி ஆள் வந்தாலும் கடையில் நோட்டில் பேர் எழுதிவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் நெட்டுக்காகச் செய்ததிலேயே உருப்படியான வேலை இந்த ஸ்டிக்கரும் நோட்டும்தான். செலவும் அதிகம் இல்லை.

மோடத்தின் லைட்டுகளை வாசிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருக்கும் லைட் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அப்போது மோடத்தை அணைத்துப் போட்டு ஒரு பயனும் இல்லை. வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, இல்லை உருவப்பட்டிருக்கிறது. பான் (PON) என்கிற லைட் நிலையாகப் பச்சையாக இருந்து இன்டர்நெட் லைட் மட்டும் வரவில்லை என்றால் வயர் நன்றாக இருக்கிறது, பில் கட்டாமல் நிறுத்தியிருக்கிறார்கள் அல்லது கம்பெனிப் பக்கம் கோளாறு. எல்லாம் பச்சையாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் வைஃபை பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப்பை லேன் வயரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதே கம்பெனி கனெக்‌ஷன் வைத்திருக்கும் எல்லோருக்கும் போயிருந்தால் கோளாறு பெட்டிக்கு வெளியே. உங்களுக்கு மட்டும் என்றால் பெட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில். எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் இப்போது "நெட் இல்லை" என்று மட்டும் யாரும் போடுவதில்லை. "சிவப்பா, பச்சையா?" என்று உடனே கேள்வி வரும்.

இன்னொரு எண் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவை டிபிஎம் என்று சொல்வார்கள். மைனஸில் இருக்கும். லைன் போடும்போது அந்தப் பையன் கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்து அளப்பான். மைனஸ் 18, மைனஸ் 20 என்று இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் 25 தாண்டினால் கவலைப்பட வேண்டும். மைனஸ் 27, 28 என்பது விளிம்பு. மூன்று எண் இறங்கினால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் மைனஸ் 20, மைனஸ் 23 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே பத்து டிபிக்கு மேல், அதாவது இந்த எண்ணில் பத்துக்கு மேல், தின்றுவிடும். பல மோடங்களில் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனால் இந்த எண்ணை நாமே பார்க்கலாம். நெட் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் அதைப் பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு மழையில் கோளாறு வரும்போது "அன்னைக்கு மைனஸ் 19 இருந்தது, இன்னைக்கு மைனஸ் 26" என்று சொன்னால் கஸ்டமர் கேரில் பேசுகிறவரின் குரலே மாறும். மோடத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள் மேடம் என்று அதற்குமேல் சொல்ல மாட்டார்.

எனக்கு மைனஸ் 26 வந்த கதை மொட்டைமாடியில் இருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்து, அங்கிருந்து தண்ணீர் டேங்க் தூண் வரை இடுப்பு உயரத்துக்கு மேல் தொங்கலாகப் போய், பிறகு டக்ட் வழியாகக் கீழே இறங்கியது. தட்டையான கறுப்பு வயர், உள்ளே பலத்துக்காக இரும்புக் கம்பி. பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: நல்ல உறுதியான கொடி. இரண்டாம் மாடி அம்மா அதில் நனைந்த ஜமுக்காளத்தைக் காயப்போட்டிருந்தார். இரண்டு பக்கமும் கிளிப் வேறு. ஜமுக்காளத்தின் கனத்தில் வயர் சுவர் விளிம்பில் கூர்மையாக மடங்கியிருந்தது. அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். மடங்கியதால் நெட் இருக்கும், இருக்காது, வெயில் ஏறினால் வரும், ராத்திரி போகும். கண்டுபிடிக்க மிகச் சிரமமான கோளாறு இதுதான். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை கொஞ்சம் வளைவைத் தாங்கும். ஒரு ரூபாய்க் காசைச் சுற்றிப் போகிற அளவு வளைவு என்றால் சரி. சுவர் முனையில் மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஜன்னல் கதவுக்கு நடுவில் நசுங்குவதும் பீரோவுக்குப் பின்னால் மடங்குவதும் இதே கணக்கில்தான் சேரும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடியில் கொடி கட்ட ஆணி அடிக்கக்கூடாது என்று அசோசியேஷன் போட்ட சட்டம் இருந்தது. அவர் என்ன செய்வார்? கடைசியில் இரண்டு இரும்புத் தூண் நட்டு எல்லோருக்குமாகக் கொடி கட்டினோம். ஃபைபரைச் சுவரோரமாக பிவிசி பைப்புக்குள் கொண்டுபோனோம். பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள், டேங்க் கழுவ வருகிறவர்கள், டிஷ் மாட்ட வருகிறவர்கள், அணில் எல்லோருக்கும் அந்தப் பைப் ஒரே பதில். அணில் விஷயத்தை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தென்னை நிற்கிற எந்த வளாகத்திலும் வயரின் மேல்தோலை அணில் கொறித்த தடம் இருக்கும்.

அந்த வேலையைச் செய்தபோது இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அறுந்த ஃபைபரை இணைக்க இரண்டு வழி. ஃபாஸ்ட் கனெக்டர் என்று ஒரு பிளாஸ்டிக் மூக்கைக் கையாலேயே மாட்டிவிட்டுப் போவது ஒன்று. மெஷின் வைத்து இரண்டு நுனியையும் உருக்கி ஒட்டுவது இன்னொன்று. மெஷின் விலை அதிகம், பல பையன்களுக்கு ஒரே மெஷின் சுற்றும், அதனால் அவசரத்துக்குப் பிளாஸ்டிக் மூக்கோடு போய்விடுவார்கள். வீட்டுக்குள் அது பரவாயில்லை. மொட்டைமாடியில், வெயிலும் மழையும் படுகிற இடத்தில் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி கூப்பிட வேண்டியதுதான். "ஒட்டித் தா தம்பி, மெஷின் கிடைக்கிற அன்னைக்கு வா, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். நம்மை விவரம் தெரிந்தவர் என்று நினைத்து வருவான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை. ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு, நடுவில் சித்திரை வைகாசியில் கோடை மழையும் இடியும். தமிழ்நாட்டில் பல ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு சீசன் என்றால் நமக்கு மூன்று. இடிதான் மோடத்துக்குப் பெரிய எமன். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் கூட வரும் இரும்புக் கம்பியில் பாயும், கரண்ட் லைனில் பாயும், மாடியிலிருந்து இறங்கும் லேன் வயரில் பாயும். பழைய ஏற்பாட்டில் ஒரு வைகாசி இடிக்கு வரிசையாக நான்கு வீட்டு மோடங்களின் லேன் துளைகள் கருகிப்போயின. ஃபைபருக்கு மாறியவர்கள், வயர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த இரும்புக் கம்பியை வெட்டி வெளியே கட்டச் சொல்லுங்கள். அடாப்டரையும் லேன் வயரையும் இடி முழங்கத் தொடங்கும்போதே கழற்றிவிடுங்கள். "இடி இடிச்சா டிவி வயரைப் புடுங்கு" என்று அம்மா கத்துவது இன்றைக்கும் சரியான யோசனைதான். கழற்ற வேண்டிய வயர் ஒன்றுக்கு மூன்றாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. வெளியே மாட்டிய கிளாம்பும் ஆணியும் துருப்பிடித்து வயர் தானாகத் தொங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாடி ஏறிப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பர் 30 காலையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒக்கி புயல் அடித்தபோது நாங்கள் தக்கலைப் பக்கம் இருந்தோம். ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, போன் டவர்களும் ஒவ்வொன்றாக அடங்கின. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லாமல் கரையோர ஊர்களே பதறிக்கொண்டிருந்த நேரத்தில் நம் வீட்டு நெட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அன்று ஒன்று கண்ணில் பட்டது. மின்சார லைன், கேபிள் டிவி, இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் எல்லாம் ஒரே கம்பத்தில் கிடந்தன. ஒரே தென்னை விழுந்து எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தது. அதனால் இப்போது "ரெண்டு கம்பெனி கனெக்‌ஷன் வச்சிருக்கேன், எனக்குக் கவலையில்லை" என்று யாராவது சொன்னால், இரண்டும் எந்தக் கம்பம் வழியாக வருகிறது என்று கேட்பேன். இரண்டும் ஒரே கம்பம் என்றால் இரண்டாவது கனெக்‌ஷன் வெறும் செலவு. ராத்திரி வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழி வயர் இல்லாத வழியாக இருப்பது நல்லது. வேறு கம்பெனி சிம் போட்ட போன், ஹாட்ஸ்பாட். அதையும் வேலை பார்க்கிற அறையிலேயே சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வராந்தாவில் நான்கு கோடு காட்டும் சிம், உள் அறையில் செத்துப்போகும்.

தேரோ சப்பரமோ வருகிற தெருவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தேர் உயரத்துக்கு வழிவிட வயர்களை அவிழ்ப்பார்கள், மறுபடி கட்டுவார்கள், கட்டும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். திருவிழா நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போதே காலண்டரில் குறித்துவிடுவது நல்லது. பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வரும் நாளும் அப்படித்தான். மினி யூபிஎஸ் நம் மோடத்தைத்தான் காப்பாற்றும். கேபிள்காரரின் ஆபீஸில் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் எல்லோருக்கும் ஒன்றாகப் போகும்.

வைஃபையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பன்னிரண்டு வீட்டு மோடமும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று கத்தி மறைக்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்தில் எது நெரிசல் குறைவு என்று போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்து மாற்றலாம். ஆனால் பன்னிரண்டு வீட்டை மூன்றில் அடைக்கிற கதைதான். டிவிக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் கொடுங்கள். அது சுவரைத் தாண்ட மிகவும் சிரமப்படும். அபார்ட்மெண்டில் அதுவே நமக்கு லாபம், பக்கத்து வீட்டு சிக்னலும் நம் வீட்டுக்குள் அதிகம் வராது. மோடத்தை எங்கே வைப்பது என்பதை லைன் போட வருகிற பையனிடம் விட்டுவிடாதீர்கள். அவன் வாசலுக்கு உள்ளே முதல் பிளக் பாயிண்ட், அதாவது செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே வைத்துவிட்டுப் போவான். அங்கிருந்து பீரோ, கான்கிரீட், குளியலறைச் சுவர் எல்லாம் தாண்டி உள் அறைக்கு வருவது கொஞ்சம்தான். அன்றைக்கே கூடுதலாக வயர் கேட்டு நடு ஹாலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்னொன்று, 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு லேனில் போட்டுப் பார்த்தால் 94-க்கு மேல் ஏறவில்லை என்றால் லைனைக் குறை சொல்ல வேண்டாம். மோடத்தின் துளையோ லேன் வயரோ நூறு எம்பிபிஎஸ் வரைக்கும்தான் தாங்கும் வகையாக இருக்கும். மோடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே கனெக்‌ஷனை இரண்டு வீடு பங்கிடுவதும் எங்கள் கட்டடத்தில் நடந்தது. பாஸ்வேர்டு கொடுத்தவர் பேரில்தான் கணக்கு. அந்த லைனில் யார் என்ன செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். முன்னூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் கடைசியில் யார் வீட்டு டிவி அதிகம் இழுக்கிறது என்று சண்டை வந்ததுதான் மிச்சம்.

புகார் கொடுப்பதில் நம் பழக்கம் லைன் பையனின் நம்பருக்கு நேராக அடிப்பது. அவன் எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் அந்தப் புகாருக்கு எந்தத் தடயமும் இல்லை. கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் நெட் போகவே இல்லை. கஸ்டமர் கேரிலோ ஆப்பிலோ முதலில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கிவிட்டு, பிறகு பையனைக் கூப்பிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளில், புகாருக்குக் கிடைத்த தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் இல்லாமல் போக வழி இருக்கிறது. டிராய் தனிநபர் புகாரை நேராக எடுத்து விசாரிக்காது. அதனால் அங்கே எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம். எங்கள் கட்டடத்தில் ஒரே கோளாறுக்கு ஐந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக டாக்கெட் போட்டு, ஐந்து எண்ணையும் ஒரே மெயிலில் மேல்முறையீட்டுக்கு அனுப்பியபோதுதான் பெட்டியில் எட்டு துளை ஸ்ப்ளிட்டர் போய்ப் பதினாறு துளை வந்தது. அதுவரைக்கும் "மெட்டீரியல் வரலக்கா" என்ற ஒரே பாட்டு. பதினாறாகப் பிரித்தால் ஒளி இன்னும் மூன்று டிபி குறையும் என்பதையும் மறக்காமல், மாற்றிய அன்றே எல்லோரும் அவரவர் எண்ணைப் பார்த்து எழுதி வைத்தோம். இரண்டு வீட்டுக்கு மைனஸ் 25 தாண்டியது. அவர்கள் வீட்டுக் கனெக்டரை அந்தத் தம்பி அன்றே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அபார்ட்மெண்டில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பதோடு மீட்டர் ரூமையும் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் எந்தக் கம்பெனிக்குத் துளை காலியாக இருக்கிறது, சாவி யாரிடம், வயர் பைப்புக்குள் போகிறதா அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்படியே மாடி ஏறி, எந்த வயரில் துணி காய்கிறது என்றும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.